கிருசாந்தன் ஏற்றிய பானை

வலது காற்பெருவிரலில் புண் இருப்பதைக் கிருசாந்தன் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பதினொரு வயது மகள் டக்சாயினிதான் சீமெந்துத் தரையில் இரத்தத் தீற்றல்களைப் பார்த்து, அவற்றின் வழியே குசினி வாசலில் இருந்து முன்விறாந்தையில் அவன் இருந்த கதிரை வரைக்கும் வந்து, "அப்பா, உங்கட கால்" என்றாள். குனிந்து பார்த்தான். செருப்பின் விளிம்பு வெட்டி, விரலின் பக்கவாட்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சதை வெளியே தெரிந்தது. அவனுக்கு நோகவே இல்லை.

கிருசாந்தனுக்கு இருந்தது அந்த ஒரு கால்தான். மற்றது 2009 மாசியில் போரில் செல் விழுந்து முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டுக்கொண்டு நடப்பான், சைக்கிள் ஓடுவான், வீட்டுக் கூரைக்கு ஏறி ஓடு மாற்றுவான். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், முரசுமோட்டையில், சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். வந்தவர்கள் காலைப் பார்த்து "பாவம்" என்று வாயெடுத்தால் மட்டும் அவனுக்குப் பிடிக்காது. "ரியூப்புக்கு ஒட்டுப் போட வந்தனீங்களோ, எனக்கு ஒட்டுப் போட வந்தனீங்களோ?" என்று கேட்டுவிடுவான்.

கிளிநொச்சியில் கிளினிக்கில் இருந்த டொக்டர் இளம் பெண். இரத்தச் சோதனை முடிவு எழுதிய துண்டைப் பார்த்தார், பிறகு விரலை ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இதில தெரியுதோ?"

"இல்லை."

"இதில?"

"இல்லை டொக்டர். நோவே இல்லை."

"அதுதான் பிரச்சினை. சீனி முந்நூற்று நாற்பதில நிக்குது. எவ்வளவு காலமா நிக்குதோ தெரியாது. ஒரு நாளைக்கு எத்தினை நேரம் சோறு?"

"மூண்டு நேரமும்தான்."

"என்ன அரிசி?"

"வெள்ளைப் பச்சை."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "குளிசையும் ஊசியும் நான் தாறன். புண்ணை நாங்கள் கட்டி விடுறம். சோத்தை நீங்கள்தான் பாக்கவேணும். அளவைப் பாதியாக்குங்கோ. அந்தப் பாதியையும் தவிடு போகாத அரிசியில சாப்பிடுங்கோ. மரக்கறி கூட. புண் ஆறாட்டில் விரலை எடுக்கவேண்டி வரும். விரலோட நிக்குமெண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

"ஒரு காலைக் குடுத்திட்டன் டொக்டர்," என்றான் கிருசாந்தன். "இதைக் குடுக்கிற யோசினை எனக்கில்லை."

அவன் மனைவி சுதர்சினிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு பஸ் வரும். அதற்கு முன்னால் எழும்பி, சோறும் இரண்டு கறியும் சமைத்து, தனக்கும் மகளுக்கும் பெட்டியில் கட்டி, அவனுக்குச் சட்டியில் மூடி வைத்துவிட்டுப் போவாள். சோறு எப்போதும் வெள்ளைதான். மல்லிகைப் பூப் போல உதிர வேண்டும் அவளுக்கு. இதில் ஒரு விசித்திரம் இருந்தது. சுதர்சினிக்கு வாய்க்கால் கரையோடு இரண்டு ஏக்கர் சீதனக் காணி உண்டு. குத்தகைக்குச் செய்கிறவர் ஒவ்வொரு போகமும் நெல்லாகத்தான் கொண்டுவந்து இறக்குவார். ஆட்டக்காரி என்று சொல்லுகிற சிவப்பு நெல். அந்த நெல்லை அப்படியே வியாபாரியின் லொறியில் ஏற்றிவிட்டு, அவள் கடையில் வெள்ளை அரிசி வாங்குவாள். முரசுமோட்டையில் பாதி வீடுகளில் அதுதான் வழக்கம் என்பதால் யாரும் அதை விசித்திரமாக நினைத்ததில்லை.

கிருசாந்தன் டொக்டர் சொன்னதை அன்று பின்னேரம் சொன்னான். காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்த சுதர்சினி கடைசி வரைக்கும் கேட்டாள்.

"சோத்தைக் குறைச்சுப் போடுறன். மரக்கறி கூட்டுறன். பாவக்காய், கீரை, என்ன வேணுமோ சொல்லுங்கோ. ஆனா அந்தச் சிவப்பரிசி இந்தக் குசினிக்கை வராது."

"ஏன் வராது?"

"வராதெண்டால் வராது."

"டொக்டர் சொல்லியிருக்கிறா, சுதா."

"ஒரு வீட்டில ரெண்டு பானை ஏத்த என்னால ஏலாது. விடிய முதல் எழும்பி மிசினுக்கு ஓடுறன். வேணுமெண்டால் நீங்களே சமையுங்கோ."

அவள் அதைக் கோபத்தில்தான் சொன்னாள். அவன் அதுவரையில் அடுப்பு மூட்டியதில்லை என்பதும், தேத்தண்ணிகூடக் கடையில் வாங்கிக் குடிக்கிறவன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"சரி. நான் சமைக்கிறன்," என்றான்.

அடுத்த நாள் லொறிக்குப் போகாமல் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரு மூட்டை நெல்லைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு ஐயாத்துரையின் மில்லுக்குப் போனான். ஐயாத்துரைக்கு அறுபது வயதிருக்கும். அந்தப் பகுதியின் நெல் எல்லாம் அவருடைய மிசினுக்குள்ளால்தான் அரிசியாகும்.

"அண்ணை, உமி மட்டும் போகவேணும். தவிடு போகக்கூடாது."

ஐயாத்துரை காதுக்கு அருகே கையை வைத்தார். மிசின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துக் கிருசாந்தன் திரும்பவும் சொன்னான். அவருக்குக் கேட்டுத்தான் இருந்தது.

"தீட்டாமல் கொண்டுபோய் என்ன செய்யப்போறாய்? கோழிக்கோ?"

"எனக்கு."

"தம்பி, ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை. முதல் மிசினில உமி போய், அப்பிடியே ரெண்டாவதுக்குள்ள விழுந்து தீட்டுப்படும். உன்ர ஒரு மூட்டைக்காக நடுவில மறிக்க ஏலுமோ? பார், எத்தினை பேர் நிக்கினம். அதோட தவிடு எனக்குத்தான், அது கோழித்தீனுக்குப் போறது. நல்லாத் தீட்டித் தாறன், கொண்டு போ."

"எனக்குத் தீட்டின அரிசி வேண்டாம் அண்ணை."

"அப்ப உரல் வாங்கி இடி."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கிருசாந்தன் மூட்டையை மில் வாசலின் நடுவில் இறக்கினான். அதன் மேல் குந்தினான். பிறகு பொய்க்காலின் பட்டியைக் கழற்றி, காலை எடுத்து, வாசற்படியில் நிமிர்த்தி வைத்தான்.

"என்ன செய்யிறாய்?" என்று ஐயாத்துரை வெளியே வந்தார்.

"இருக்கிறன். உங்களுக்கு எப்ப நேரம் வருதோ அப்ப அரைச்சுத் தாங்கோ. எனக்கு ஓட ஏலாது பாருங்கோ, காலைக் கழட்டிப்போட்டன்."

பின்னால் நெல் மூட்டையோடு வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று உள்ளே வரமுடியாமல் நின்று ஹோர்ன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஐயாத்துரை ஏசினார், கெஞ்சினார், "ஊருக்குள்ள என்ர பேரைக் கெடுக்கவோ வந்தனீ" என்று கேட்டார். கிருசாந்தன் தன் மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தான். முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் ஐயாத்துரை மிசினை நிறுத்தி, முதல் மிசினின் வாயில் ஒரு தகரத்தைச் சரித்து வைத்து, அரிசி அங்கேயே சாக்குக்குள் விழும்படி செய்தார். ஐந்து நிமிடத்து வேலை.

"தவிட்டோட கிடந்தால் கன நாள் இராது, வண்டு பிடிக்கும்," என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுவந்து அரை."

"இனி அப்பிடித்தான் வருவன்," என்றான் கிருசாந்தன். காலை மாட்டிக்கொண்டு எழும்பினான்.

அரிசி வீட்டுக்கு வந்தது பெரிய காரியமில்லை. அதைச் சோறாக்குவதுதான் பெரிய காரியமாக இருந்தது. முதல் நாள், வெள்ளை அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பார்கள் என்று அயலில் விசாரித்து அதே அளவு வைத்தான். வெந்ததென்று இறக்கியது பல்லில் கடகடவென்றது. டக்சாயினி ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது கல்லுக் குழம்பு" என்றாள். இரண்டாம் நாள் தண்ணீரை அள்ளி ஊற்றினான். அது களியாகி, அடியில் பிடித்து, வீடு முழுக்கப் புகை மணத்தது. மூன்றாம் நாள் காஸ் அடுப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய், ஒரு சில்லுக்குக் கம்பி கட்டிவிட்டு வந்து பார்த்தபோது பானை கறுத்துப் போயிருந்தது. சுதர்சினி வேலையால் வந்து பானையைத் தேய்த்தாளே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம் அவனை இன்னும் பிடிவாதக்காரன் ஆக்கியது.

அவன் சைக்கிள்காரன். ஒன்று ஏன் ஓடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துப் பழகியவன். அரிசியையும் அப்படியே பார்த்தான். தவிட்டுத் தோல் இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். காலையில் கடை திறக்கப் போகுமுன் ஒரு ரின்பால் தகரப் பேணி அரிசியைக் கழுவி ஊறப்போட்டான். பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் அரிசி வீங்கி, நகத்தால் அழுத்த உடைந்தது. ஒரு பேணிக்கு மூன்று பேணி தண்ணீர், இந்த முறை விறகடுப்பில். கொதி வந்ததும் விறகை இழுத்து, தணலில் மூடி வைத்தான். தண்ணீர் வற்றிய பிறகும் மூடியைத் திறக்காமல் கால்மணி நேரம் அப்படியே விட்டான். திறந்தபோது சோறு ஒவ்வொன்றாக வெடித்து, செம்மண் நிறத்தில், வறுத்த கடலை மணத்தோடு இருந்தது. கிண்டிப் பார்த்து, குசினியில் தனியாக நின்று சிரித்தான்.

பிறகு அவன் நிற்கவில்லை. முருங்கையிலை வறை, பயற்றங்காய்க் குழம்பு, வல்லாரைச் சம்பல் என்று ஒவ்வொன்றாகக் கைவந்தது. முல்லைத்தீவுக் கரையில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அல்பேர்ட் இவன் கடை வாசலில் நிறுத்தினால், சூடை மீன் வாங்கிப் புளி விட்டுச் சட்டியில் வற்றவைப்பான். மிஞ்சின சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, அடுத்த நாள் காலையில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துச் சாப்பிட்டான். அதே அரிசியை வறுத்து இடிப்பித்து மாவாக்கி, கொஞ்சமாகத் தேங்காய்ப்பூப் போட்டுப் புட்டு அவித்தான். டக்சாயினி அந்தப் புட்டை மட்டும் கேட்டுச் சாப்பிட்டாள். சோற்றை அளந்துதான் போட்டான். ஒரு பேணிக்கு மேல் அவன் தட்டுக்கு வராது.

கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை. பதினொரு மணிக்கு அவன் கதவைச் சாத்தினால், "என்ன கிருசாந்தன், அகப்பைக்கு நேரம் வந்திட்டுதோ?" என்பார்கள்.

"ஸ்பானர் பிடிக்கிற கைக்கு அகப்பை பாரமில்லை," என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதர்சினி அவன் சமைப்பதைப் பார்த்துக்கொண்டு குசினிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் மூடியைத் திறந்ததும் ஆவி அவள் பக்கம் போனது. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். கிணற்றடியில் நின்றவளிடம் அவன் போனான்.

"என்ன செய்யுது?"

அவள் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். 2009இல் அவளுக்கு இருபத்தொரு வயது. அம்மாவும் அவளும் செட்டிக்குளம் அகதி முகாமில் ஒரு கூடாரத்தில் இருந்தார்கள். நிவாரணத்துக்குச் சிவப்பரிசிதான் வரும், பழையது, வண்டு மொய்த்தது. வரிசையில் நின்று வாங்கி, வண்டு பொறுக்கி, அவித்துக் கொடுப்பாள். அம்மாவுக்கு வயிற்றோட்டம். "இதை என்னால விழுங்க ஏலாது பிள்ளை, கொஞ்சம் வெள்ளைச் சோறு கிடைக்குமோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. ஆவணியில் அம்மா செத்துப்போனா.

"வெள்ளைச் சோறு ஒரு பிடி வாங்கிக் குடுக்க ஏலாமல் போட்டுது," என்றாள் சுதர்சினி. "என்ர சம்பளத்தில முதல் வாங்கினது அதுதான். இந்த மணம் வந்தால் எனக்கு அந்தக் கூடாரம்தான் வருது. உங்களுக்குச் சொல்லவேணுமெண்டு இருந்தது, சொல்ல வாய் வரேல்லை."

கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் அவன் இதைக் கேட்டதில்லை. அவளுடைய தோளில் கை வைத்தான். சரி, இனிச் சமைக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. கட்டுப் போட்ட விரலைப் பார்த்தான்.

"உம்மட பானையில நான் கை வைக்க மாட்டன், சுதா. உம்மட வெள்ளைச் சோத்தை நீர் சாப்பிடும், ஒருத்தரும் உம்மைக் கேக்க ஏலாது. ஆனா என்ர பானையையும் நான் இறக்க மாட்டன். வெளியில கொட்டில் போட்டுச் சமைக்கிறன். மணம் உள்ளுக்கு வராது."

அடுத்த நாளே கிணற்றடிக்கு அப்பால் நாலு தடியும் கிடுகும் வைத்து ஒரு கொட்டில் போட்டான். நின்று சமைத்தால் காலுக்குப் பாரம் என்று அடுப்பைத் தாழ்வாகக் கட்டி, பலகைக் கட்டையில் குந்தியிருந்து சமைத்தான்.

ஆறாவது கிழமை கிளினிக்கில் டொக்டர் புண்ணைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினார். சீனி இருநூற்றுக்குக் கீழே வந்திருந்தது. புண் மட்டும் ஆறவில்லை. ஓரம் இன்னும் வெள்ளையாகவே கிடந்தது.

"ஆஸ்பத்திரி வாட்டில நில்லுங்கோ. விரலை எடுத்துவிடுவம். அதுதான் பாதுகாப்பு."

"இறங்கிக்கொண்டு வருது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"சீனி இறங்குது. ஆனா புண் ஆறுமெண்டு என்னால உறுதி சொல்ல ஏலாது."

"ஆறாதெண்டு உறுதி சொல்ல ஏலுமோ?"

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். விரலை எடுக்கச் சம்மதம் கேட்டு அவர் நீட்டிய படிவத்தில் கிருசாந்தன் கையெழுத்து வைக்கவில்லை. "ஒரு மாசம் தாங்கோ. மற்றக் காலை எடுக்கேக்கை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. நான் மயக்கத்தில கிடந்தனான். இந்த முறை என்னட்டத்தான் கேக்கவேணும்."

டொக்டர் தன் கதிரையை அவன் காலுக்குக் கிட்ட இழுத்தார். பிறகு நீலப் பேனையால் அவன் பாதத்தில், விரல்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு கீறினார். "புண்ணின்ர சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், அந்த மணித்தியாலமே வரவேணும். கிழமைக்கு ரெண்டு தரம் இஞ்ச வந்து கட்டவேணும். குளிசை, ஊசி ஒண்டும் விடக்கூடாது. காலை நிலத்தில ஊண்டக்கூடாது. இதுக்கு ஓமோ?"

"ஓம்."

கடையைப் பூட்டினான். ஒரு மாதம் ஊன்றுகோலோடும் பொய்க்காலோடும் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் இடையில் போனான், மற்ற நேரமெல்லாம் காலைக் கதிரையில் தூக்கி வைத்திருந்தான். கோடு அழிய அழியச் சுதர்சினி அதே இடத்தில் பேனையால் கீறிவிட்டாள். அவனுக்குப் பயம் இருந்தது. ஆனாலும் அளந்தான், ஊறப்போட்டான், அவித்தான். மூன்றாவது கிழமை புண்ணின் ஓரம் ரோசா நிறமாகியது. நாலாவது கிழமை சுருங்கியது. நகம் போய், விரல் கொஞ்சம் கோணிப்போய் ஆறியது. சோறோ, ஊசியோ, ஊன்றாமல் இருந்ததோ, எது சுகமாக்கியது என்று கேட்டதற்கு டொக்டர், "எல்லாம்தான். ஒண்டையும் விட்டிடாதேங்கோ" என்றார். ஒன்றையும் விடுகிற எண்ணம் கிருசாந்தனுக்கு இருக்கவில்லை.

கடை திறந்து இரண்டு கிழமையில் அவனுடைய அக்கா பத்மாசனி கனகராயன்குளத்தில் இருந்து வந்தாள். சுகம் விசாரிக்க வந்தவள், கிணற்றடிக் கொட்டிலில் தம்பி குந்தியிருந்து அடுப்பு ஊதுவதைக் கண்டதும் சுகத்தை மறந்துவிட்டாள். விறாந்தையில் இருந்துகொண்டு உள்ளே கேட்கும்படி சொன்னாள்.

"கால் இல்லாத பொடியனை அடுப்படியில இருத்திப்போட்டு, பெண்டாட்டி சம்பளம் எடுக்கிறாளாம். அதுவும் என்ன சோறு? நிவாரணச் சோறு. அகதியள் திண்ட சோறு. ஊர் என்ன கதைக்குதெண்டு தெரியுமோ?"

கிருசாந்தன் எழும்பினான். அவன் வாய் திறக்கமுன் சுதர்சினி உள்ளேயிருந்து வந்தாள்.

"மச்சாள், ஊர் கதைக்கிறதை ஊருக்குச் சொல்லுங்கோ. எங்களுக்குச் சொல்லாதேங்கோ. அந்தச் சோத்தைத் திண்டுதான் அவற்ற கால் நிக்குது. அவர் தன்ர கையால அவிச்சது. அகதியள் திண்டதெண்டால் நானும் திண்டனான், நீங்களும் திண்டனீங்கள். அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. வெக்கப்படவேண்டியவை வேற ஆக்கள்."

பத்மாசனி சேலைத் தலைப்பை இழுத்து விட்டாள்.

"வந்தனீங்கள், சாப்பிட்டிட்டுப் போங்கோ," என்றாள் சுதர்சினி.

அவளுடைய வெள்ளைச் சோறு குசினியில் மூடியபடி இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கொட்டிலுக்குப் போய், அவனுடைய பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மச்சாளுக்குப் போட்டாள், டக்சாயினிக்குப் போட்டாள், கிருசாந்தனுக்குப் பேணியால் அளந்து போட்டாள். பிறகு இன்னொரு தட்டை எடுத்துத் தனக்கும் இரண்டு அகப்பை போட்டுக்கொண்டு, பத்மாசனிக்கு நேரே உட்கார்ந்தாள். சூடைக் குழம்பை விட்டுப் பிசைந்தாள். முதல் வாய் வைக்கும்போது கண் நிறைந்தது. குனியவில்லை. மச்சாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டில் ஒரு சோறும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பத்மாசனியும் சாப்பிட்டாள், ஒருவரும் கேட்காமலே தானாக இரண்டாந்தரம் கறி போட்டுக்கொண்டாள், நாலு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

சுதர்சினி தட்டுகளைக் கழுவும்போது கிருசாந்தன் பக்கத்தில் போய் நின்றான்.

"எப்பிடி இருந்தது?"

"எனக்குப் பிடிக்கேல்லை," என்றாள் சுதர்சினி. "நாளைக்கு என்ர சோத்தைத்தான் சாப்பிடுவன். ஆனா உங்களை அவாவுக்கு முன்னால விட்டுக்குடுக்க என்னால ஏலாது."

கழுவின தட்டை அவன் கையில் கொடுத்தாள். அவன் துடைத்து அலுமாரியில் அடுக்கினான்.